காற்றுக் குழாயில் கருவி மாட்டினால் லோடு வண்டிக்கு வலு கூடுமா?

திருவட்டாறு, குலசேகரம், வேர்கிளம்பி வட்டாரங்களில் ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், அன்னாசி, நேந்திரன் குலை, மரச்சீனி எல்லாம் இப்போது பெரும்பாலும் சிறு லோடு வண்டிகளில்தான் விளையிலிருந்து சந்தைக்குப் போகின்றன. 2005-ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடன் போட்டு இப்படி ஒரு வண்டி வாங்கி, தன் விளைச்சலோடு அக்கம்பக்கத்தாரின் விளைச்சலையும் ஏற்றிப் பிழைக்கும் சிறு விவசாயிகள் பலர் இருக்கிறார்கள்.

நம் பகுதி மேடு பள்ளம் நிறைந்தது. அன்னாசி விளையிலிருந்து லோடுடன் தார் ரோட்டுக்கு ஏறுவதற்குள் வண்டி திணறுவதைப் பார்க்கிறோம். இந்தத் திணறலை நம்பியே சில கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. “அண்ணே, இதைப் போட்டுப் பாரும். ஏத்தத்துல வண்டி பறக்கும், டீசலும் மிச்சம்” என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். காற்றுக் குழாய்க்குள் சொருகும் சுழல் தகடு ஒன்று. பாட்டரியில் ஓடும் சிறு மின்விசிறி ஒன்று. இதற்கு ‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று பெயர். கம்பெனி ஏர் பில்டரையும் அதன் பெட்டியையும் கழற்றிவிட்டு மாட்டும் கூம்பு வடிவ பில்டர் இன்னொன்று. இவற்றால் வண்டியின் வலு உண்மையில் கூடுகிறதா என்பதைப் பணம் கொடுக்குமுன் யோசித்துப் பார்க்க வேண்டும்.

டீசலுக்கு எவ்வளவு காற்று?

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 10,000 லிட்டர் காற்று. முதலில் வந்த டாட்டா ஏஸ் வண்டியின் எஞ்சின் 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரை சக்தியும் உள்ளது. அது நிமிடத்துக்கு 3,200 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றை உறிஞ்சுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலான காற்றையே உள்ளே இழுக்கிறது. முழுச் சுமையிலும் ஒரு கிலோ டீசலுக்குப் பதினெட்டு, இருபது கிலோ காற்று உள்ளே போகும். சுமை குறைந்தால் இந்த உபரி இன்னும் அதிகம். நாம் மிதிக்கும் ஆக்சிலேட்டர் டீசலின் அளவைத்தான் கூட்டுகிறது. எவ்வளவு டீசல் உள்ளே போகிறதோ அதற்கேற்ற சக்தி. அந்த அளவின் மேல் எல்லையைக் கம்பெனியார் டீசல் பம்பிலேயே முடிவு கட்டி சீல் வைத்துவிடுகிறார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்காத விவசாயி நம் பக்கத்தில் இருக்க மாட்டார். 1966-இல் கட்டப்பட்டது, ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து செல்கிறது. அந்தத் தொட்டியின் சுவரை இன்னும் இரண்டு அடி உயர்த்திக் கட்டினால் கடைமடைக்குக் கூடுதல் தண்ணீர் வந்துவிடுமா? மேலே ஷட்டரில் எவ்வளவு திறந்து விடுகிறார்களோ அவ்வளவுதான் வரும். டீசல் எஞ்சினில் ஷட்டர் இருக்கும் இடம் டீசல் பம்பு. காற்றுக் குழாயை அகலப்படுத்துவது தொட்டிச் சுவரை உயர்த்துவது போன்றது.

பில்டரையே கழற்றி எறிந்தால்?

சரி, கம்பெனி பில்டர் காற்றைத் தடுக்கத்தானே செய்கிறது, அதை எடுத்துவிட்டால் சுலபமாக மூச்சு விடுமே என்று கேட்கலாம். எவ்வளவு தடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். கிணற்றில் அதற்கு மேல் ஆழத்திலிருந்து பம்பு உறிஞ்சி எடுக்க முடியாது என்பதற்குக் காரணமும் இதுவே. சுத்தமான ஏர் பில்டர் இந்த 10 மீட்டர் 30 சென்டிமீட்டரில் எடுத்துக் கொள்வது பத்து முதல் இருபது சென்டிமீட்டர் வரைதான். அதாவது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. பில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கூடுதலாகக் கிடைக்கும் காற்று அவ்வளவே. அந்தக் காற்று முழுவதும் சக்தியாக மாறினால்கூட 16 குதிரை சக்தியில் ஒரு குதிரை சக்தியின் மூன்றில் ஒரு பங்குதான் வரும். டீசல் கூடாததால் அதுவும் வருவதில்லை.

இந்த மூன்றில் ஒரு பங்கு குதிரை சக்தியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதை ஒரு மூட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூம்பு பில்டரில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. கம்பெனி அமைப்பில் வெளிக் காற்று வரும் இடத்திலிருந்து குழாய் போட்டுப் பெட்டிக்குள் கொண்டுவருவார்கள். பெட்டியைக் கழற்றிக் கூம்பை மாட்டினால் எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றை அது இழுக்கும். குட்டி யானை போல எஞ்சின் இருக்கைக்கு அடியில் உள்ள வண்டிகளில் சூட்டோடு சக்கரம் கிளப்பும் செம்மண் புழுதியும் சேரும். காற்று பத்து டிகிரி சூடானால் அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று குறையும். எஞ்சின் பக்கத்துக் காற்று வெளிக் காற்றைவிட முப்பது டிகிரி கூடுதலாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு காற்று போயிற்று. ஒன்றோ இரண்டோ சதவீதம் பெறப் போய் ஒன்பது பத்தை இழக்கும் வியாபாரம் இது.

ஆனாலும் மாட்டியவர்களில் சிலர் “வலு கூடியிருக்கு” என்று சத்தியம் செய்வதைக் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெட்டி போனதும் எஞ்சின் காற்றை இழுக்கும் உறுமல் நேராகக் காதில் விழுகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றுவது மனித சுபாவம். சைலன்சர் ஓட்டையான மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள்.

சுழல் தகடும் மின்விசிறியும்

காற்றைச் சுழற்றி அனுப்பினால் டீசலோடு நன்றாகக் கலக்கும் என்பது சுழல் தகடு விற்பவர்களின் வாதம். கலக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுழற்சி வேண்டிய இடம் சிலிண்டரின் உள்ளே. வால்வுக்குப் போகும் வழியின் வளைவையும் எரியும் அறையின் வடிவத்தையும் அதற்காகவே கம்பெனியில் அமைத்திருக்கிறார்கள். குழாயின் வாயில் நாம் கொடுக்கும் சுழற்சி வளைவுகளைத் தாண்டி வால்வின் சந்து வழியாகப் போவதற்குள் அடங்கிவிடும். மிஞ்சுவது குழாயின் நடுவே நிற்கும் தகட்டின் தடை மட்டுமே. 2005-இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ மாத இதழ் இப்படிப்பட்ட கருவிகளை வண்டியில் மாட்டிச் சக்தி அளக்கும் யந்திரத்தில் ஏற்றிப் பார்த்தது. சக்தி கூடவில்லை, குறைந்தது. அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி 1970-களிலிருந்து எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்த கருவி என்று எதையும் அது கண்டுபிடிக்கவில்லை.

மின்விசிறிக் கணக்கு இன்னும் வேடிக்கை. குட்டி யானை எஞ்சினுக்குப் போகும் காற்றை, சாதாரண அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்தித் தர ஏறக்குறைய 700 வாட் மின்சக்தி வேண்டும். கிட்டத்தட்ட நம் வீட்டுக் கிணற்றில் உள்ள ஒரு குதிரை சக்தி மோட்டார். கடையில் தரும் விசிறி ஹெட்லைட் பல்பு எடுக்கும் மின்சாரத்துக்கு மேல் எடுப்பதில்லை. அதைக் கொண்டு எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருவது, மேஜை விசிறியை வைத்து நெல் தூற்றுவது போல. எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது விசிறி உதவுவதற்குப் பதிலாக வழியை மறித்துக் கொண்டு நிற்கும்.

அப்படியானால் டர்போ என்பதே ஏமாற்றா என்றால், இல்லை. ஆல்பிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழன்று, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். இன்றைய பெரிய லாரிகள் பலவும் இதை நம்பியே ஓடுகின்றன. ஆனால் அங்கே காற்றோடு டீசலும் சேர்த்துக் கூட்டப்படுகிறது. அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவதற்கு ஏற்ற பிஸ்டன், பேரிங், ஆயில் வழி, ரேடியேட்டர் எல்லாம் முதலிலேயே அமைக்கப்படுகின்றன. டர்போ இல்லாத எஞ்சினில் நாமாக ஒன்றைக் கொண்டுவந்து பொருத்துவது செலவுக்கும் எஞ்சினுக்கும் ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

டீசல் பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவை ஏற்றிவிடும் வழக்கமும் ஒர்க் ஷாப்புகளில் உண்டு. இதில் வலு சற்றுக் கூடவே செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கரும்புகை தள்ளும், டீசல் வீணாகும், பிஸ்டனும் வால்வும் சூட்டில் கெடும், புகைச் சான்றிதழும் கிடைக்காது. சில மாதங்கள் ஏற்றத்தில் சுகமாக ஏறிவிட்டுப் பிறகு எஞ்சினைப் பிரித்துப் போடுவது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது.

ஒரு மூட்டையின் கணக்கு

இப்போது அந்த மூட்டைக்கு வருவோம். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் ஏறக்குறைய முக்கால் குதிரை சக்தி செலவாகும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதாவது பில்டரையே கழற்றி எறிந்தாலும் கனவில் மட்டுமே கிடைக்கக்கூடிய சக்தியை, ஒரு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தால் நிஜமாகவே பெறலாம்.

முதல் டாட்டா ஏஸ் வண்டிக்குக் கம்பெனி குறித்த பாரம் 750 கிலோ. அந்தப் பாரத்தோடு, டிரைவரும் சேர்ந்து, சொன்ன ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே அதன் 16 குதிரை சக்தியும் ஏறக்குறைய முழுவதும் தேவை. ஒட்டுப்பாலும் அன்னாசியும் ஏற்றும்போது பின்பக்கம் பலகை கட்டி ஒரு டன்னுக்கு மேல் அடுக்குவதை எல்லோரும் அறிவோம். 250 கிலோ கூடுதல் என்றால் ஏறக்குறைய இரண்டு குதிரை சக்தி குறைகிறது. கியரை இறக்கி மெதுவாக ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு வண்டி மீது குறை சொல்ல முடியாது. இரண்டு நடை போக வேண்டுமே, டீசல் செலவாகுமே என்ற கஷ்டம் உண்மையானது. ஆனால் கிளட்ச் தட்டும் பின் டயரும் தேயும் செலவை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இழந்த வலுவைத் திரும்பப் பெறுவது

கருவிகளால் புதிதாக வலு வராது. ஆனால் எஞ்சினுக்கு இருந்த வலுவை இழந்திருந்தால் அதைத் திரும்பப் பெற முடியும்; காற்றுப் பக்கத்தில் நாம் செய்யக்கூடிய வேலை இங்கேதான் இருக்கிறது.

ஏர் பில்டர் அடைத்துக் கொண்டால், நான் சொன்ன பத்து இருபது சென்டிமீட்டர் தடை ஐம்பது அறுபது சென்டிமீட்டராக ஏறும். சில வண்டிகளில் பில்டர் பெட்டியின் மேல் சிவப்பு அடையாளம் காட்டும் சிறு கருவி இந்த அளவைத்தான் காட்டுகிறது. அதையும் தாண்டினால் டீசல் எரியக் காற்று போதாமல் கரும்புகை வரும், ஏற்றத்தில் திணறும். பெட்ரோல் வண்டிகளில் நிலைமை வேறு. 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் சோதித்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்திருந்தும் பெட்ரோல் செலவு கூடவில்லை; வேகம் பிடிக்கும் திறன் மட்டும் குறைந்தது. பழைய கார்புரேட்டர் காரில் செலவும் கூடியது.

கோடையில் புழுதி ரோட்டில் ஓடும் வண்டியின் பில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். காகித பில்டரைச் சக்கரத்தில் தட்டித் தூசி எடுப்பது தவறு. மடிப்பு கிழியும், விளிம்பு கோணிப் போகும். உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்று அடிக்க வேண்டும். அழுத்தம் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு இருட்டில் பாருங்கள். ஊசித் துளி வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பில்டர் குப்பைக்குத்தான். தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுவதும் கூடாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த காகிதமும் காற்றை அடைக்கும்.

பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ரப்பர் விளையும் ஊரில் இது ஒரு குறைதான்! ஹோஸ் வெடித்திருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், பில்டரில் படாமலே புழுதி உள்ளே போகும். மண் தூசி சிலிண்டரையும் ரிங்கையும் அரம் போட்டு ராவுவது போலத் தேய்த்துவிடும். பிறகு ஆயில் எரிந்து நீலப் புகை வரும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். கூம்பு பில்டர் மாட்டியவர்கள் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். வலு கூடாததோடு போகாமல், எஞ்சினின் ஆயுளும் குறையும். எண்ணெய் தடவிய துணி பில்டர்களில் எண்ணெய் அதிகமானால், புதிய வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் கம்பியில் படிந்து தவறான கணக்குக் காட்டும்.

பவர் டில்லரிலும் டீசல் பம்புசெட்டிலும் ஆயில் தொட்டி வைத்த பில்டர் இருக்கும். ஆயிலைக் குறித்த கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி பிடிபடாது. கூடினால் ஆபத்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி அதையே எரித்துக் கொண்டு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடக்கூடும். ஏலாவில் புழுதி உழவு ஓட்டும் நாட்களில் தினமும் பார்ப்பது நல்லது. டிராக்டர்களில் காற்றுக் குழாயின் தலையில் குடை போல் பொருத்தும் முன் வடிகட்டி ஒன்று உண்டு. காற்றைச் சுழற்றிப் பெரும் தூசியை முதலிலேயே ஒதுக்கிவிடும். வெளியிலிருந்து வாங்கி மாட்டும் காற்றுப் பக்கக் கருவிகளில் நான் சிபாரிசு செய்யக்கூடியது இது ஒன்றே. அதுவும் வலுவுக்காக அல்ல, எஞ்சின் தேயாமல் இருப்பதற்காக.

காற்றுப் பக்கம் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையென்றால் மற்ற இடங்களைப் பாருங்கள். டயரில் காற்று குறைவு, பிரேக் பிடித்துக் கொண்டிருப்பது, கிளட்ச் வழுக்குவது, சைலன்சரில் கரி அடைப்பது, நாஸில் ஒழுகுவது, டீசல் பில்டர் அடைப்பது எல்லாம் வலுவைத் தின்னும். சமதளத்தில் கியரை நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் காலி வண்டி எளிதில் நகர வேண்டும். நகரவில்லையென்றால் பிரேக்கில் கோளாறு. ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டாலும் அதுவே காரணம்.

மாட்டித்தான் பார்ப்பேன் என்றால்

இவ்வளவு சொல்லியும் ஒரு கருவியை மாட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், நம்பும்படியான சோதனையாகச் செய்ய வேண்டும். 1996-இல் மூலிகை பெட்ரோல் என்று நாடே பேசியது பலருக்கு நினைவிருக்கும். கண்ணெதிரே செய்து காட்டியதை நம்பினவர்கள் ஏராளம். 2016-இல் சென்னை நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனை விதித்தது. கண்ணால் பார்ப்பது போதாது, அளந்து பார்க்க வேண்டும்.

தெரிந்த ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். அடியில் ஒரு கல், உச்சியில் ஒரு கல் அடையாளம். எடை போட்ட ஒரே லோடு, ஒரே கியர், முழு ஆக்சிலேட்டர். முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல் வரை எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் செல்போனில் குறிக்கட்டும். பழைய அமைப்பில் மூன்று முறை, கருவியோடு மூன்று முறை, மறுபடி பழைய அமைப்பில் மூன்று முறை. கருவி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. மெக்கானிக்கே மாட்டவும் கழற்றவும் வேண்டும். ஒரே அமைப்பில் ஓடிய மூன்று நேரங்களுக்குள்ளேயே ஒன்றிரண்டு வினாடி வித்தியாசம் வரும். கருவியால் வந்ததாகத் தோன்றும் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். டீசல் மிச்சத்தைப் பார்க்க டாங்கியை வாய் வரை நிரப்பி, ஒரே தடத்தில் ஒரு வாரம் ஓட்டி, அதே பங்கில் வண்டியை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்பி அளக்க வேண்டும். சரிவான இடத்தில் நிறுத்தினால் டாங்கி நிறையும் அளவே மாறிவிடும்.

சோதனைக்கு முன்னால் புதிய காகித பில்டர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். பழைய அடைத்த பில்டரோடு ஒப்பிட்டால் எந்தக் கருவியும் ஜெயித்ததாகத் தெரியும். விற்பவர் கடை வாசலில் செய்து காட்டும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பழைய பில்டரைத்தான்.